மேசையின் இந்தப் பக்கம்: நேர்காணல் நடத்துவோர் கேட்ட கேள்விகள்

நேர்காணலுக்குச் செல்பவர்களுக்கு ஆலோசனை சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறார்கள், நேர்காணலை நடத்துபவர்களுக்குச் சொல்லத்தான் யாருமில்லை என்று வாசகர் ஒருவர் குறைபட்டிருந்தார். இந்த இதழுக்குத் தேர்ந்தெடுத்த கேள்விகள் அனைத்தும் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுடையவை.

கேள்வி: பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் நடத்துகிறேன். மெர்ச்சண்டைசர் (ஆர்டரை ஏற்றது முதல் சரக்கு அனுப்பும்வரை கவனிப்பவர்) பணிக்கு வருபவரிடம் ஊர், குடும்பம், முன்பு வேலை பார்த்த இடம் என்று அரை மணி நேரம் பேசினாலே ஆள் எப்படிப்பட்டவர் என்பது எனக்குப் பிடிபட்டுவிடும். மேலாண்மை படித்துவிட்டு வந்திருக்கும் என் மகனோ, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போட வேண்டும் என்கிறான். பள்ளிக்கூடத் தேர்வு போல நடத்தினால் ஒருவருடைய குணம் எப்படித் தெரியும்?
— ஏற்றுமதியாளர் ஒருவர், திருப்பூர்

பதில்: உங்கள் மகன் சொல்வதே சரி. ஆளை எடைபோடுவதில் நீங்கள் மட்டுமல்ல, அநேகமாக எல்லோருமே தம்மைக் கெட்டிக்காரர் என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த விடை நமக்குச் சாதகமாக இல்லை.

1979இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி, நேர்காணல் நடத்தி 150 மாணவர்களைத் தேர்ந்தெடுத்திருந்தது. இன்னும் 50 பேரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று மாநிலச் சட்டமன்றம் பணித்தபோது, நல்ல மாணவர்கள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டிருந்ததால், நேர்காணலுக்குப் பின் தள்ளப்பட்டவர்களிலிருந்தே அந்த 50 பேரை எடுக்க வேண்டியதாயிற்று. பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தபோது, படிப்பிலும் சரி, மருத்துவமனைப் பணியிலும் சரி, பட்டம் பெற்ற பிறகான முதலாண்டுப் பயிற்சியிலும் சரி, விரும்பி எடுக்கப்பட்டவர்களுக்கும் வேண்டாமென்று ஒதுக்கப்பட்டவர்களுக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. நேர்காணல் குழுவினர் கண்ட வேறுபாடு அவர்கள் மனத்தில் மட்டுமே இருந்திருக்கிறது.

ஜேசன் டானாவும் அவருடைய சகாக்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சங்கடமானது. மாணவர்களை நேர்கண்டு, அடுத்த பருவத்தில் அவர்கள் எவ்வளவு மதிப்பெண் பெறுவார்கள் என்று கணிக்கச் சொன்னார்கள். பதிலளித்தவர்களில் ஒரு பகுதியினர், ஆம் என்பதா இல்லை என்பதா என்பதைக் கேள்வியின் பொருளைப் பார்க்காமல், முன்கூட்டியே வகுத்த ஒரு குருட்டு விதிப்படி முடிவு செய்து பதில் சொன்னார்கள். நேர்கண்டவர்கள் அதைக் கண்டுபிடிக்கவே இல்லை. வாய்க்கு வந்த பதில்களைக் கோத்தும்கூட எதிரில் இருப்பவரைப் பற்றி ஒரு முழுமையான சித்திரத்தைத் தங்களுக்குள் வரைந்துகொண்டார்கள். பேசாமல் பழைய மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக் கணித்திருந்தால் அவர்களுடைய கணிப்பு இன்னும் சரியாக இருந்திருக்கும் என்பது ஆய்வின் முடிவு.

இதற்கு மாற்றும் ஆய்வுகளிலேயே இருக்கிறது. பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து மறுகணக்கிட்ட பால் சாக்கெட்டும் அவருடைய குழுவினரும் 2022இல் தந்த கணக்கின்படி, முன்னரே வகுத்த கேள்விகளோடும் மதிப்பீட்டு அளவுகோலோடும் நடக்கும் நேர்காணலுக்கும் பின்னாளைய பணித்திறனுக்கும் இடையிலான ஒட்டுறவு (தொடர்பே இல்லையென்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1) 0.42, மனம்போன போக்கில் பேசும் நேர்காணலுக்கு அது 0.19 மட்டுமே. 0.42 என்பதும் தீர்க்கதரிசனம் அல்ல என்பதை நினைவில் வையுங்கள். ஆயினும் அவர்கள் ஒப்பிட்ட தேர்வு முறைகளில் இதுவே முதலிடத்தில் நின்றது.

நீங்கள் ஊரையும் குடும்பத்தையும் கேட்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒருவர் அவிநாசி என்கிறார்; உங்கள் மாமனார் ஊர் அது; பேச்சு இழைகிறது, அவரும் இயல்பாகப் பேசுகிறார், நல்ல பையன் என்று தோன்றுகிறது. அடுத்து வருபவர் விருதுநகர் என்கிறார். பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது, அவர் சற்று விறைப்பானவர் என்று தோன்றுகிறது. இருவருடைய வேலைத் திறனைப் பற்றியும் இதுவரை உங்களுக்கு எதுவும் தெரியாது.

குணம் வேலையின் நடுவில்தான் வெளிப்படும். ஆகவே வேலையின் நடுவிலிருந்து ஒரு சிக்கலை எடுத்து அவர்முன் வையுங்கள். ‘டையிங்கிலிருந்து வந்த துணியின் நிறம், பையர் ஒப்புதல் தந்த நிற மாதிரியான லேப் டிப்போடு ஒத்துப்போகவில்லை. நாளைக் காலை கட்டிங் தொடங்க வேண்டும், ஷிப்மென்ட்டுக்குப் பன்னிரண்டு நாள்களே இருக்கின்றன. இன்று மாலைக்குள் என்னென்ன செய்வீர்கள்?’ என்று வருகிற அனைவரிடமும் இதே சொற்களில் கேளுங்கள். கேட்பதற்கு முன், நல்ல பதில் எது, சுமாரான பதில் எது என்பதை நீங்களும் உங்கள் மகனும் உட்கார்ந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டையிங்காரரிடம் சண்டை போட்டு மறுபடி சாயமிடச் சொல்வேன் என்பதோடு நிறுத்துபவருக்கு ஐந்தில் இரண்டு தரலாம். துணியை நிறம் ஒப்பிடும் லைட் பாக்ஸில் வைத்து வேறுபாடு எவ்வளவு என்று முதலில் உறுதி செய்வேன், பையருக்கு உடனே தெரிவித்துத் துண்டு மாதிரி அனுப்பி ஒப்புதல் கிடைக்குமா என்று பார்ப்பேன், அதுவரை வேறு நிறத்துத் துணியைக் கட்டிங்குக்குக் கொடுத்து ஆள்களைச் சும்மா இருக்கவிடாமல் பார்த்துக்கொள்வேன், உங்களிடம் இதை மறைக்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் ஐந்து கொடுங்கள். நிதானம், நேர்மை, முன்யோசனை என்று நீங்கள் குணம் என்பதில் எதையெல்லாம் தேடுகிறீர்களோ அதெல்லாம் இந்தப் பதிலில் இருக்கிறது. இப்படி ஆறு ஏழு கேள்விகள் போதும். ஊரைப் பற்றிப் பேச விரும்பினால் வேலையில் சேர்ந்த பிறகு தேநீர் வேளையில் பேசிக்கொள்ளலாம்.

கேள்வி: மென்பொருள் நிறுவனத்தில் அணித் தலைவராக இருக்கிறேன். இப்போதுதான் முதன்முறையாக நேர்காணல் குழுவில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் மனப்பாடம் செய்த பதில்களையே ஒப்பிக்கிறார்கள். உண்மையில் என்ன தெரியும் என்பதை எப்படிக் கண்டறிவது? புதிர்க் கணக்குகள் கேட்கலாமா? காணொளி நேர்காணலில் ஏமாற்றுவதை எப்படித் தடுப்பது?
— வாசகி, சென்னை

பதில்: புதிர்க் கணக்குகளை விட்டுவிடுங்கள். ஒரு விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்துகள் அடங்கும் என்பது போன்ற புதிர்களுக்குப் பெயர்போன கூகுள் நிறுவனத்திலேயே, அதன் மனிதவளத் துறைக்குத் தலைமை வகித்த லாஸ்லோ பாக் 2013இல் அளித்த ஒரு பேட்டியில், அத்தகைய கேள்விகள் எதையும் முன்னறிவிப்பதில்லை என்றும், கேட்பவருக்குத் தான் புத்திசாலி என்ற நினைப்பைத் தருவது மட்டுமே அவற்றின் பயன் என்றும் ஒப்புக்கொண்டார்.

மனப்பாடப் பதில் என்பது பெரும்பாலும் மனப்பாடக் கேள்வியின் விளைவு. ‘உங்கள் பலவீனம் என்ன?’ என்று கேட்டால், ‘எதையும் கச்சிதமாகச் செய்யாமல் விடமாட்டேன்’ என்ற பதில்தான் வரும். அதற்காக அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. நடந்து முடிந்த ஒரு குறிப்பிட்ட நிகழ்வைக் கேளுங்கள். அதைவிட முக்கியமாக, முதல் பதிலோடு நின்றுவிடாதீர்கள். தயாரித்துக்கொண்டு வந்தவருடைய தயாரிப்பு பெரும்பாலும் முதல் பதிலோடு தீர்ந்துவிடும். உரையாடல் ஏறத்தாழ இப்படிப் போகும்:

‘நேரலையில் இருந்த ஒரு மென்பொருள் உங்களால் செயலிழந்த அனுபவம் உண்டா?’

‘உண்டு. ஒருமுறை பணம் செலுத்தும் பகுதி நின்றுபோனது. நாங்கள் உடனே குழுவாகச் செயல்பட்டு இரண்டு மணி நேரத்தில் சரிசெய்துவிட்டோம்.’

‘அந்த இரண்டு மணி நேரத்தில் நீங்கள் செய்தது எது?’

‘நான் லாக் கோப்புகளைப் பார்த்தேன்.’

‘அவற்றில் முதலில் எதைத் தேடினீர்கள்? ஏன் அதை?’

மூன்றாவது கேள்வியில் உண்மையாக அந்த இடத்தில் இருந்தவருடைய முகம் மாறும். நேரம், பிழைச்செய்தி, தவறாக யூகித்து வீணடித்த இருபது நிமிடங்கள் என்று விவரங்கள் தாமாகக் கொட்டும். அங்கே இல்லாதவர் மீண்டும் ‘நாங்கள்’ என்பதற்குத் திரும்புவார். அதற்காக ‘நாங்கள்’ என்று சொல்பவரையெல்லாம் சந்தேகிக்க வேண்டாம். தன் பெருமையைத் தானே பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நம்மில் அதிகம். அவர்கள் ‘நான்’ என்று சொல்லக் கூசுவார்கள். ஒருமுறை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: ‘குழுவின் பங்கு எனக்குப் புரிகிறது, உங்கள் கை பட்ட பகுதியை மட்டும் இப்போது சொல்லுங்கள்.’ கேட்ட பிறகு பேசாமல் இருங்கள். புதிதாக நேர்காணல் நடத்துபவர்கள் மௌனத்தைக் கண்டு பதறித் தாங்களே விடையையும் பாதி சொல்லிவிடுகிறார்கள். பத்து விநாடி மௌனம் உங்களுக்குத்தான் நீளம்; யோசிப்பவருக்கு அது போதாது.

காணொளியில் வேறொருவர் குரல் கொடுப்பதும், திரைக்கு அப்பால் செயற்கை நுண்ணறிவுச் செயலியின் பதிலைப் பார்த்துப் படிப்பதும் நடக்கின்றன என்பது உண்மை. கண்கள் எங்கே போகின்றன என்று வேவு பார்ப்பதைவிட, படித்துச் சொல்ல முடியாத ஒன்றைக் கேட்பது மேல். அவர் எழுதிய நிரலை அவரையே திரையில் திறக்கச் சொல்லி, ‘இந்த இடத்தில் உள்ளீடு காலியாக வந்தால் என்ன ஆகும்? இப்போதே மாற்றிக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். கடைசிச் சுற்றையாவது நேரில் வைத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினியும் செயலியும் வேலையில் அனுமதிக்கப்பட்டவை என்றால், அவற்றைப் பயன்படுத்தச் சொல்லியே சோதிப்பது நேர்மையானது. அப்போது செயலி தந்த விடையிலுள்ள பிழையை அவர் கண்டுபிடிக்கிறாரா என்பதே நீங்கள் கவனிக்க வேண்டியது.

கேள்வி: எங்கள் பட்டறைக்கு சி.என்.சி. (கணினி வழி இயங்கும் இயந்திரம்) ஆபரேட்டர் வேலைக்கு வரும் இளைஞர்கள் பலர் கிராமங்களிலிருந்து வருகிறார்கள். நேர்காணலில் உட்கார்ந்ததும் கைகால் நடுங்குகிறது, வாயிலிருந்து வார்த்தை வருவதில்லை. நன்றாகப் பேசுகிறவரை எடுத்தால் மெஷினில் நிற்கும்போது ஒன்றும் தெரிவதில்லை. என்ன செய்வது?
— தயாரிப்பு மேலாளர், கோயம்புத்தூர்

பதில்: பேச வேண்டிய வேலைக்குப் பேச்சைச் சோதியுங்கள், அளக்க வேண்டிய வேலைக்கு அளவைச் சோதியுங்கள். அறைக்குள் உட்காரவைத்து ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று ஆங்கிலத்தில் கேட்பது உங்கள் பணியிடத்துக்கு எந்த வகையிலும் தொடர்பில்லாத சோதனை. ஷாப் ஃப்ளோருக்கே அழைத்துச் செல்லுங்கள். மேசைமேல் உங்கள் பட்டறையில் கடைந்த ஒரு ஷாஃப்ட்டையும், அதன் டிராயிங்கையும், ஒரு வெர்னியரையும், ஒரு மைக்ரோமீட்டரையும் வையுங்கள். டிராயிங்கில் 25 மில்லிமீட்டர், கூட்டியோ குறைத்தோ 0.01 என்று இருக்கட்டும். ‘இது சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள் தம்பி’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பழக்கமுள்ளவர் பொருளைத் துடைப்பார், மைக்ரோமீட்டரை எடுப்பார், அதன் பூஜ்ஜியம் சரியாக நிற்கிறதா என்று மூடிப் பார்ப்பார், ஒரே இடத்தில் அளக்காமல் இரண்டு மூன்று இடங்களில் அளப்பார். சாதாரண வெர்னியரின் மிகச் சிறிய அளவே 0.02 மில்லிமீட்டர் என்பதால் இந்த டாலரன்சுக்கு (அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கத்துக்கு) அது உதவாது என்பது அவருடைய கைக்குத் தெரிந்திருக்கும், வாய்க்குத் தெரியாமல் போனாலும். வெர்னியரை எடுத்தவரை உடனே தள்ளிவிடாமல், ஏன் அதை எடுத்தார் என்று கேளுங்கள். சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்வாரா என்பதும் தெரிந்துவிடும். பெரும்பாலானோருக்குக் கையில் பொருள் வந்ததும் நடுக்கம் நின்றுவிடும் என்பதையும் காண்பீர்கள்.

தேர்வுக்கு முன் செய்ய வேண்டியதையும் சொல்கிறேன். என்ன சோதனை வைப்பீர்கள், எவ்வளவு நேரம் ஆகும், யார் இருப்பார்கள், என்னென்ன சான்றிதழ்கள் வேண்டும் என்பதை முந்தைய நாளே தொலைபேசியில் தமிழில் சொல்லிவிடுங்கள். காலை பத்து மணிக்கு வரச்சொல்லி மதியம் இரண்டு மணிக்கு அழைப்பது இங்கே சர்வசாதாரணமாகிவிட்டது. இரண்டு பஸ் மாறி, காலையில் சாப்பிடாமல் வந்தவர் அந்நேரத்தில் தன் திறமையில் பாதியைக்கூடக் காட்ட மாட்டார்.

கேள்வி: எங்கள் பள்ளிக்கு ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்க மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்கிறோம். எல்லோரும் நன்றாகத்தான் எடுக்கிறார்கள். சேர்ந்த பிறகுதான் ஏமாற்றமாக இருக்கிறது.
— பள்ளித் தாளாளர், மதுரை

பதில்: தாமே தேர்ந்தெடுத்து, ஒத்திகை பார்த்துவிட்டு வந்த பாடம் நன்றாகத்தான் அமையும். நீங்கள் சோதிக்க வேண்டியது, பாடம் குழந்தையின் மனத்தில் கோணலாக இறங்கும்போது ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதை. கணித ஆசிரியரிடம் ஒரு மாணவனின் நோட்டுப் பக்கத்தைக் கொடுங்கள்: 1/2 + 1/3 = 2/5 என்று போட்டிருக்கிறான். ‘இவன் எப்படி இந்த விடைக்கு வந்தான்? இவனிடம் முதலில் என்ன சொல்வீர்கள்?’ என்று கேளுங்கள். மீ.சி.ம. எடுத்து ஐந்தின்கீழ் ஆறு என்று கரும்பலகையில் போட்டுக்காட்டுபவருக்குக் கணக்குத் தெரியும். மேலே உள்ளவற்றையும் கீழே உள்ளவற்றையும் தனித்தனியே கூட்டியிருக்கிறான் என்று கண்டு, ‘பாதி தோசையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியைவிடக் கூடுமா குறையுமா? 2/5 பாதியைவிடப் பெரியதா?’ என்று அவனையே கேட்கவைப்பவருக்குக் கற்பிக்கத் தெரியும். அவரை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் கூட்டுறவு நிறுவனத்தில் மூவர் கொண்ட குழு நேர்காணல் நடத்துகிறது. வந்தவர் வெளியே போனதும் தலைவர் ‘பையன் பரவாயில்லை’ என்றால் மற்ற இருவரும் தலையசைத்துவிடுகிறோம். மாற்றுக் கருத்து இருந்தாலும் சொல்ல வாய் வருவதில்லை.
— குழு உறுப்பினர், தஞ்சாவூர்

பதில்: மூவர் உட்கார்ந்து ஒருவர் முடிவெடுப்பதாக இருந்தால் மற்ற இருவருக்கும் அன்றைக்கு விடுமுறை கொடுத்துவிடலாம். தலைவரைத் திருத்த வேண்டியதில்லை. நடைமுறையைத் திருத்தினால் போதும். ஒவ்வொருவர் வெளியே சென்றதும், எவரும் வாய் திறப்பதற்கு முன், மூவரும் அவரவர் தாளில் கேள்விவாரியாக மதிப்பெண்ணை எழுதி, பக்கத்தில் அதற்குரிய காரணத்தை, அதாவது அவர் சொன்ன சொற்களையே, ஒரு வரியில் குறித்துவிட வேண்டும். அதன் பிறகுதான் பேச்சு. அதிலும் இளையவர் முதலில் பேச வேண்டும், தலைவர் கடைசியில். இருவருடைய மதிப்பெண்களுக்கு இடையே இரண்டுக்குமேல் வேறுபாடு இருக்கும் கேள்வியை மட்டும் எடுத்து விவாதியுங்கள். வேறுபாடு பெரும்பாலும் ஒருவர் கேட்டதை மற்றவர் கேட்கத் தவறியதால் வருவது. தலைவரே ‘அதை நான் கவனிக்கவில்லையே’ என்று சொல்லும் நாள் வரும்.

இந்த முறைக்கு ஒரு பழைய முன்னோடி உண்டு. பின்னாளில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன், 1955இல் இஸ்ரேலிய ராணுவத்தில் இளம் அலுவலராக இருந்தபோது, புதிதாகச் சேர்பவர்களை நேர்காணும் முறையை மாற்றியமைக்கும் பொறுப்பை ஏற்றார். பொறுப்புணர்வு, பழகும் தன்மை என்பன போன்ற ஆறு பண்புகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நடந்த நிகழ்வுகளைப் பற்றிய கேள்விகளை வகுத்து, ஒன்றை முடித்து மதிப்பெண் போட்ட பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும் என்று விதித்தார். எங்களை இயந்திரங்களாக்குகிறீர்கள் என்று நேர்காண்பவர்கள் கொதித்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த, ஆறு மதிப்பெண்களையும் போட்டு முடித்த பின் கண்ணை மூடி அந்த இளைஞரைப் படைவீரராகக் கற்பனை செய்து உள்ளுணர்வுப்படி ஒரு மதிப்பெண் தரலாம் என்று அனுமதித்தார். அவரே எதிர்பாராத விதமாக, அந்த உள்ளுணர்வு மதிப்பெண்ணும் ஆறு பண்புகளின் கூட்டுத்தொகைக்கு இணையாகப் பயன்பட்டது. உங்கள் தலைவரிடம் இதைச் சொல்லுங்கள்: அவருடைய உள்ளுணர்வுக்கு இடம் உண்டு, ஆனால் வரிசையில் கடைசியில்.

பொது நிறுவனம் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியின் மாணவர் சேர்க்கை தொடர்பான அஜய் ஹாசியா வழக்கில், எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50 என்று மதிப்பெண் வைத்து, ஒவ்வொருவரையும் இரண்டு மூன்று நிமிடங்களில் அனுப்பிவைத்ததை உச்ச நீதிமன்றம் 1980இல் கடுமையாகக் கண்டித்தது. மொத்த மதிப்பெண்ணில் 15 விழுக்காட்டுக்குமேல் வாய்மொழித் தேர்வுக்கு ஒதுக்குவது தன்னிச்சையானது என்றும் கூறியது. மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் ‘சி’ பிரிவுப் பணிகளுக்கும் அரசிதழ் பதிவு பெறாத ‘பி’ பிரிவுப் பணிகளுக்கும் நேர்காணலையே நீக்கிவிட்டது. குடிமைப் பணித் தேர்விலும் மொத்தமுள்ள 2025 மதிப்பெண்ணில் ஆளுமைத் தேர்வு எனப்படும் நேர்காணலுக்கு உரியது 275 மட்டுமே. நேர்காணலில் சிபாரிசு நுழையும் என்ற பொதுமக்களின் சந்தேகம் ஆதாரமற்றதல்ல என்பதை அரசும் நீதிமன்றமும் உணர்ந்திருப்பதன் அடையாளம் இது. உங்கள் மூவருடைய தாள்களையும் கோப்பில் வைத்திருங்கள்; கேள்வி எழும் நாளில் அவையே உங்களுக்குத் துணை.

கேள்வி: பெண் விண்ணப்பதாரரிடம் திருமணம், குழந்தை பற்றிக் கேட்கக் கூடாது என்கிறார்கள். பயிற்சி கொடுத்த ஆறே மாதத்தில் அவர் விலகினால் நஷ்டம் எங்களுக்குத்தானே?
— மனிதவள அலுவலர், ஓசூர்

பதில்: ஆறு மாதத்தில் விலகும் ஆண்களை நீங்கள் பார்த்ததே இல்லையா? அடுத்த நிறுவனத்தில் இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால் போய்விடும் இளைஞரிடம், ‘எப்போது தாவுவதாக உத்தேசம்?’ என்று எவரும் கேட்பதில்லை.

ஒரே வகையான வேலைக்கு ஆள் எடுப்பதில் பெண்களிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே கூறியது. அதன் இடத்துக்கு வந்துள்ள, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே கூறுகிறது. ஆயுள் காப்பீட்டுக் கழகம் தன் வேலைக்கான உறுதிமொழிப் படிவத்தில் பெண்களிடம் மாதவிலக்கு, கருத்தரிப்பு பற்றிய விவரங்களைக் கேட்டிருந்ததை 1991இல் உச்ச நீதிமன்றம் ஆராய்ந்து, அவை பெண்ணின் நாணத்தையும் தன்மதிப்பையும் புண்படுத்துபவை என்று கூறி அப்பகுதியை நீக்கச் சொன்னது. எச்.ஐ.வி. பரிசோதனையை வேலைக்கு நிபந்தனையாக்குவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது.

சட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு வேலையை மட்டும் பார்த்தாலும் அந்தக் கேள்வி வீண். இரவு ஷிப்ட் உண்டா, மாதம் எத்தனை நாள் வெளியூர்ப் பயணம், அவசரம் என்றால் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டியிருக்குமா என்பவற்றைத் தெளிவாகச் சொல்லி, ‘இது உங்களுக்கு இயலுமா?’ என்று ஆண், பெண் இருபாலரிடமும் ஒரே விதமாகக் கேளுங்கள். வீட்டுச் சூழல் என்ன என்பது அவர் கவலை. வர இயலுமா என்பதே உங்கள் கவலை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘சொந்த ஊர் எது?’, ‘ஊருக்குள்ளா, வெளியிலா?’, ‘குலதெய்வம் எது?’, ‘அப்பா என்ன செய்கிறார்?’ என்று நம் நேர்காணல்களில் வரிசையாக வரும் கேள்விகள் எந்த விடையைத் தேடி வருகின்றன என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். சாதியை அறியச் சுற்றிவளைக்கும் இந்தக் கேள்விகளை உங்கள் குழுவில் யார் கேட்டாலும் அந்த இடத்திலேயே நிறுத்தும் அதிகாரத்தை மனிதவள அலுவலர் என்ற முறையில் நீங்கள் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கையெழுத்தையும் பெயர் எண்ணையும் பார்த்து ஆள் எடுக்கலாம் என்று எங்கள் முதலாளிக்கு ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். பலன் உண்டா?
— கணக்காளர், ஈரோடு

பதில்: யோசனை சொன்னவருக்கு உண்டு. கையெழுத்துக்கும் பணித்திறனுக்கும் உள்ள ஒட்டுறவு 0.02 என்று ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் இருவரும் 1998இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் கணக்கிட்டிருந்தார்கள். அதாவது ஏறக்குறையச் சுழியம். பெயர் எண்ணுக்கு அந்த அளவுக்குக்கூட யாரும் மெனக்கெட்டதாகத் தெரியவில்லை.

கேள்வி: தேர்வாகாதவர்களுக்கு எப்படித் தகவல் சொல்வது? ‘பிறகு சொல்கிறோம்’ என்று அனுப்பிவிடுவதுதான் எங்கள் வழக்கம். காரணம் கேட்டு விடாமல் அழைப்பவர்களை என்ன செய்வது?
— கடை மேலாளர், திருநெல்வேலி

பதில்: ‘பிறகு சொல்கிறோம்’ என்ற சொல்லை நம்பி வேறு வேலைக்குப் போகாமல் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் அந்த வழக்கத்தை இன்றே கைவிடுங்கள். நேர்காணல் முடிந்து எழும்போதே, ‘வருகிற வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஆம் என்றாலும் இல்லை என்றாலும் உங்களுக்குச் செய்தி வரும்’ என்று நாள் குறித்துச் சொல்லுங்கள், குறித்த நாளில் அனுப்புங்கள். முதலாளி ஊரில் இல்லாததால் முடிவாகவில்லை என்றால் அதையும் அன்றே தெரிவியுங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போதும்: ‘விற்பனைப் பிரிவுப் பணிக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். நேரம் ஒதுக்கி வந்ததற்கு நன்றி.’ இதில் உங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள் என்பது போன்ற அலங்காரங்கள் தேவையில்லை.

காரணம் கேட்டு அழைப்பவரைத் தொல்லையாகக் கருதாதீர்கள். மதிப்பெண் தாள் இருந்தால் பதில் சொல்வது எளிது: ‘பில் மெஷினில் பொருளைத் திரும்பப் பெறும் பதிவை உங்களால் போட முடியவில்லை, தேர்வானவர் போட்டார்’ என்று வேலையோடு தொடர்புடைய ஒன்றை மட்டும் சொல்லுங்கள். அவருடைய தோற்றம், பேச்சுவழக்கு, தேர்வானவருடைய பெயர் ஆகியவற்றைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். தாளில் காரணம் எதுவும் இல்லாமல் உங்களால் பதில் சொல்ல முடியாமல் போகிறதென்றால், அவரைத் தள்ளியது சரிதானா என்பதை அந்த அழைப்புக்குப் பிறகாவது முதலாளியோடு பேசிப் பாருங்கள். இரண்டாம் இடத்தில் வந்தவருக்கு மட்டும் செய்தி அனுப்பாமல் நேரில் பேசி, அவருடைய எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். தேர்வானவர் சேராமல் போவதும், சேர்ந்த வாரத்திலேயே நின்றுவிடுவதும் கடைத் தொழிலில் புதிதல்ல.